பாண்டாக் என் கோடுகளைத் தின்றுவிட்டது! பிடிஎஃபில் அட்டவணை பார்க்கிற மாதிரி வர என்ன செய்வது?

வாய்க்கால் · திங்கள், இரவு 9:42

வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பழைய அளவைகளைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆழாக்கு, உழக்கு, மரக்கால் ஒரு பாதி. முந்திரி, காணி, மாகாணி என்று கீழ்வாய் இலக்கம், அதாவது பழைய பின்னங்கள், மறு பாதி. 48 பக்கம், 14 அட்டவணை. எழுதுவது மார்க்டவுனில், அதாவது குறிகள் வைத்த வெறும் எழுத்துக் கோப்பில். பாண்டாக் என்ற கோப்பு மாற்றி வழியாக, பக்கம் அமைக்கும் லாடெக் குடும்பத்து ஸீலாடெக்குக்குப் போய் பிடிஎஃப் வருகிறது. இதே கோப்பிலிருந்து மின்னூலுக்கு ஈபப்பும் எடுக்க வேண்டும். ஆடிப்பெருக்குக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

அட்டவணைகளை எல்லாம் கூட்டல் குறி, கழித்தல் குறி வைத்துக் கட்டம் கட்டமாக வரைந்தேன். மூன்று நாள் வேலை. இப்படி:

```
+-----------+-----------+
| அளவு      | சமம்      |
+===========+===========+
| 2 ஆழாக்கு | 1 உழக்கு  |
+-----------+-----------+
| 2 உழக்கு  | 1 உரி     |
+-----------+-----------+
```

பிடிஎஃபில் வந்தது மேலே ஒரு கோடு, தலைப்புக்குக் கீழே ஒன்று, கடைசியில் ஒன்று. மற்றதெல்லாம் காணோம். இது போதாதென்று இரண்டு அட்டவணை அட்டவணையாகவே வரவில்லை. கூட்டல் குறிகளோடு ஒரு பத்தியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. வந்தவற்றிலும் வரிகள் நெருக்கமாக இருப்பதால் மேல் வரிக் கொம்பு கீழ் வரிச் சுழியை இடிக்கிறது. என்ன தப்பு பண்ணினேன்?

அச்சுமை · திங்கள், இரவு 10:15

மூன்றும் மூன்று வேறு சிக்கல். ஒவ்வொன்றாக வருவோம். கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதுகிறேன், கைபேசியில் இருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கோடு விஷயம். நீங்கள் வரைந்த கட்டம் எந்தச் சொல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாண்டாக் தெரிந்துகொள்வதற்கு மட்டும். படித்து முடித்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, லாடெக்குக்கு எழுதும்போது புக்டாப்ஸ் என்ற தொகுப்பின் மூன்று கோடுகளைப் போடுகிறது: டாப்ரூல், மிட்ரூல், பாட்டம்ரூல். மேலும் கீழும் தடிப்பு 0.08 எம், நடுவில் 0.05 எம் (எம் என்பது எழுத்தின் அளவு). பத்துப் புள்ளி எழுத்தில் 0.8 புள்ளியும் 0.5 புள்ளியும். கோட்டுக்கு மேலும் கீழும் கொஞ்சம் மூச்சுவிட இடம் விடும். லாடெக்கின் பழைய ஹெச்லைன் 0.4 புள்ளியில் எல்லாக் கோட்டையும் ஒரே தடிப்பில் போட்டு எழுத்தின் தலையில் ஒட்டவைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்செடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

புக்டாப்ஸ் எழுதிய சைமன் ஃபியர் அதன் கையேட்டிலேயே கறாராகச் சொல்லியிருக்கிறார்: நெடுக்குக் கோடு எப்போதுமே வேண்டாம், இரட்டைக் கோடு எப்போதுமே வேண்டாம். அளவின் பெயரைத் தலைப்பில் போடு, கட்டத்துக்குக் கட்டம் திரும்ப எழுதாதே. ஆக, உங்களுக்கு வந்திருப்பது பிழை இல்லை. ஆராய்ச்சி இதழ்களில் பார்க்கிற அட்டவணை அதுதான்.

இரண்டாவது, பத்தியாகிப் போனது. அதற்குக் காரணம் தமிழ்! கட்ட அட்டவணையில் பாண்டாக் நெடுவரிசையை *இடத்தை* வைத்துக் கண்டுபிடிக்கிறது. கூட்டல் குறிக்கு நேர் கீழே குத்துக்கோடு நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஓர் இடம். 'தமிழ்' என்ற சொல்லில் நாம் எண்ணினால் மூன்று எழுத்து, யூனிகோடு எண்ணினால் ஐந்து. அதிலும் புள்ளியும் ஈகாரக் குறியும் அகலம் இல்லாத குறி என்று யூனிகோடில் பதிவாகியிருக்கின்றன. காலும் இகரக் குறியும் அகலம் உள்ள வகை. நம் கண்ணுக்குத் திரையில் நேராகத் தெரிகிற இடம் ஒன்று, நிரல் எண்ணுகிற இடம் வேறொன்று. ஒரு வரி நழுவினாலும் அட்டவணை உடைந்துவிடும்.

தமிழுக்குக் கட்ட அட்டவணையே வேண்டாம். குத்துக்கோட்டு அட்டவணைக்கு மாறுங்கள். அதில் எல்லை குத்துக்கோடுதான், நேராக நிற்கிறதா கோணலாக நிற்கிறதா என்பது அதற்குக் கவலையே இல்லை.

```
| அளவு | சமம் |
|:--|:--|
| 2 ஆழாக்கு | 1 உழக்கு |
| 2 உழக்கு | 1 உரி |
| 2 உரி | 1 படி |
```

இடது பக்கம் முக்காற்புள்ளி வைத்தால் இடப்பக்கம் ஒட்டும், வலது பக்கம் வைத்தால் வலப்பக்கம், இரண்டு பக்கமும் வைத்தால் நடுவில். அவ்வளவுதான் இலக்கணம்.

மூன்றாவது நாளை.

பனங்கூடல் · திங்கள், இரவு 11:03

மூண்டாவதுக்கு நான் சொல்லுறன், இதிலை நானும் நல்லா அடிபட்டனான். மார்க்டவுன் கோப்பின்ரை தலையிலை ஹெடர்-இன்க்ளூட்ஸ் எண்டு ஒண்டு வைக்கலாம். அதுக்குள்ளை, அட்டவணை வரியின்ரை உயரத்தைக் கூட்டுற அரேஸ்ட்ரெச் எண்டதை 1.3 எண்டு மாத்தி விடுங்கோ. சும்மா விட்டால் அது 1. ஆங்கில எழுத்தின்ரை உயரத்துக்குக் கணக்குப் பண்ணினது அது. எங்கட 'கூ', 'ழி' எல்லாத்துக்கும் மேலையும் கீழையும் இடம் வேணும். 1.2 காணாது, 1.5 எண்டால் வரியள் ஒண்டுக்கொண்டு சொந்தமில்லாத மாதிரி நிக்கும்.

எழுத்துரு என்ன பாவிக்கிறீங்கள் அண்ணை? தலைப்பு வரியைத் தடித்த எழுத்திலை போடுறதெண்டால் தடித்த வடிவம் உண்மையிலேயே உள்ள எழுத்துருவா எண்டு பாருங்கோ. இல்லாட்டி அது வராது, இல்லாட்டிச் செயற்கையா ஊதிப்போய் வரும். நோட்டோ செரிஃப் தமிழிலை தடித்தது இருக்கு. சாய்வெழுத்துப் பக்கம் போகவே வேண்டாம், தமிழைச் சாய்ச்சால் வடிவில்லை.

மரப்பெட்டி · செவ்வாய், காலை 5:50

நான் 1971 முதல் ஈய எழுத்துக் கோத்தவன். பிறகு டிடிபி வந்து, அதிலும் பதினைந்து வருஷம். நெடுக்குக் கோடு கூடாது என்று வெள்ளைக்காரர் ஒருவர் எழுதிவைத்ததை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறீர்கள். எனக்கு அதில் கொஞ்சம் சண்டை உண்டு.

ஈய எழுத்துக் காலத்தில் நெடுக்குக் கோட்டை நாங்கள் வெறுத்தோம், அதற்குக் காரணம் அழகு இல்லை. பித்தளை ரூலை அளவுக்கு வெட்டி, எழுத்து வரிகளுக்கு நடுவே நிற்கவைத்து, ஃபாரம் இறுக்கும்போது அது வளையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிடைக்கோடும் நெடுக்குக் கோடும் சேருகிற மூலையில் எத்தனை இறுக்கினாலும் மயிரிழை இடைவெளி விழும். புரூஃபில் அந்த மூலையைத்தான் முதலாளி விரலால் தட்டிக் காட்டுவார். அதனால் கோடு குறைவான அட்டவணை என்றால் எங்களுக்குத் தீபாவளி.

ஆனால் பேரேட்டுப் பக்கம், ரசீதுப் புத்தகம், வருகைப் பதிவேடு இதற்கெல்லாம் கட்டம் வேண்டும். கை வைத்து எழுதுகிறவனுக்குக் கட்டம் வேலி மாதிரி. படிக்கிற அட்டவணை வேறு, எழுதுகிற அட்டவணை வேறு. தம்பி, உன் புத்தகத்தில் பிள்ளைகள் நிரப்புகிற பயிற்சி ஏதாவது இருக்கிறதா?

வாய்க்கால் · செவ்வாய், காலை 7:20

ஐயா, இருக்கிறது. நான்கு பயிற்சி அட்டவணை. விடை எழுதும் கட்டம் காலியாக இருக்கும்.

இரவே பத்து அட்டவணையைக் குத்துக்கோட்டுக்கு மாற்றிவிட்டேன். பத்தும் ஒழுங்காக வந்துவிட்டன. அரேஸ்ட்ரெச் 1.3 போட்டதும் ஏதோ வேறு புத்தகம் மாதிரி இருக்கிறது. பனங்கூடலுக்கு நன்றி.

அச்சுமை · செவ்வாய், காலை 8:05

மரப்பெட்டி ஐயா சொன்ன மூலை இடைவெளி புக்டாப்ஸிலும் அப்படியே இருக்கிறது, வேடிக்கை. அது கோட்டுக்கு மேலும் கீழும் இடம் விடுகிறது என்றேனே, அந்த இடத்தில் நெடுக்குக் கோடு அறுந்துபோகும். புக்டாப்ஸோடு நெடுக்குக் கோட்டைச் சேர்த்துப் போட்ட பிடிஎஃபைப் பார்த்தால் அட்டவணைக்குப் பல் விழுந்த மாதிரி இருக்கும். ஆகவே இரண்டில் ஒன்று: படிக்கிற அட்டவணைக்குப் புக்டாப்ஸ், எழுதுகிற அட்டவணைக்குப் பழைய ஹெச்லைனும் நெடுக்குக் கோடும். கலக்காதீர்கள்.

பயிற்சி நான்கையும் லாடெக்கிலேயே கையால் எழுதி, மார்க்டவுனில் லாடெக் என்று குறியிட்ட கச்சாத் துண்டாகச் செருகலாம். ஈபப்பில் அந்தத் துண்டு வராமல் போகும். ஆனால் ஈபப்பில் பேனா வைத்து யார் எழுதப் போகிறார்கள்?

காலி_டப்பா · செவ்வாய், மதியம் 1:30

வழக்கம் போல ஈமாக்ஸ்காரன் தாமதமாக வருகிறேன். இதையெல்லாம் ஈமாக்ஸ் எடிட்டரின் ஆர்க் மோடில் பண்ணியிருந்தால் மூன்று நாள் கட்டம் வரைந்திருக்க வேண்டாம். ஆம்ஸ்டர்டாமில் வானியல் ஆராய்ச்சியாளராக இருந்த கார்ஸ்டன் டொமினிக் 2003-இல் தன் குறிப்பெடுக்கும் வசதிக்காக ஆரம்பித்தது அது. அட்டவணைக்குள் டேப் தட்டினால் தானே ஒழுங்காகும். ஏற்றுமதிக்கு அட்டவணைக்கு மேலே ஒரு வரி போதும்: ஆட்டர்-லாடெக் என்று எழுதி, புக்டாப்ஸ் டி, சூழல் டாபுலர்எக்ஸ், அகலம் டெக்ஸ்ட்விட்த், ஒட்டு இட-வல-எக்ஸ். ஒவ்வொரு அட்டவணைக்கும் தனியாக முடிவெடுக்கலாம், இதுதான் பாண்டாக்கில் எனக்குக் குறை.

இரண்டு எச்சரிக்கை, நான் மாட்டிக்கொண்டவை. ஒன்று, ஆர்க்கில் நீங்கள் போடும் ஒவ்வொரு படுக்கைக் கோடும் மிட்ரூலாகப் போகும். அழகுக்கு வரிக்கு வரி கோடு இழுத்தால் பிடிஎஃபும் அப்படியே கொடுக்கும். தலைப்புக்குக் கீழே ஒன்று போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டாவது, டேப் தட்டினால் ஒழுங்காகும் என்று பெருமையடித்தேனே, தமிழ் வந்தால் ஈமாக்ஸிலும் திரையில் கோணல்தான். சரிக்கட்ட வாலைன் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது, திரைப்புள்ளி (பிக்சல்) கணக்கில் அகலத்தை அளந்து ஒழுங்குபடுத்தும். ஏற்றுமதிக்கு அது தேவையே இல்லை. கண் உறுத்தாமலிருக்க மட்டும்.

அச்சுமை · செவ்வாய், மதியம் 2:10

ஆடிப்பெருக்குக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது ஒருவரை ஈமாக்ஸ் கற்றுக்கொள்ளச் சொல்வது பாவம், டப்பா.

காலி_டப்பா · செவ்வாய், மதியம் 2:12

பதினெட்டு நாளில் வெளியேறுவது எப்படி என்றாவது கற்றுக்கொள்ளலாம்.

வாய்க்கால் · புதன், இரவு 8:55

இரண்டாம் பாதிக்கு வந்தேன், அதாவது கீழ்வாய் இலக்கம். இங்கே மூன்று புதுத் தலைவலி.

```
| பெயர் | பின்னம் | பதின்மம் | குறி |
|:--|:-:|--:|:-:|
| முந்திரி | 1/320 | 0.003125 | |
| அரைக்காணி | 1/160 | 0.00625 | |
| காணி | 1/80 | 0.0125 | |
| மா | 1/20 | 0.05 | |
| மாகாணி | 1/16 | 0.0625 | |
| அரைக்கால் | 1/8 | 0.125 | |
```

பதின்ம எண்களை வலப்பக்கம் ஒட்டினால் புள்ளிகள் படிக்கட்டு மாதிரி இறங்குகின்றன. இடப்பக்கம் ஒட்டினால் புள்ளிகள் நேராகின்றன. முழு எண் இரண்டு இலக்கமானால் அதுவும் போச்சு. குறி வரிசையில் பழைய பின்னக் குறிகளைப் போட்டேன், அச்சில் எல்லாம் காலிக் கட்டங்கள். கடைசியாக ஒரு விளக்க அட்டவணை. அதில் இரண்டாவது நெடுவரிசையில் நீண்ட வாக்கியம். வரி மடங்காமல் ஓரத்தைத் தாண்டித் தாளுக்கு வெளியே போகிறது.

அச்சுமை · புதன், இரவு 10:40

பதின்மப் புள்ளி. பாண்டாக்குக்குத் தெரிந்த ஒட்டு இடம், வலம், நடு, சும்மா, இந்த நான்குதான். புள்ளியைப் பார்த்து ஒழுங்கு செய்ய அதற்குத் தெரியாது. லாடெக்கில் அதற்கு எஸ்ஐயூனிட்எக்ஸ் தொகுப்பு இருக்கிறது, ஜோசஃப் ரைட் எழுதியது; எஸ் என்ற நெடுவரிசை வகை போட்டால் புள்ளிகள் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். தலைப்புச் சொல்லை மட்டும் வளைவடைப்புக்குள் வைக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் தலைப்பையும் எண் என்று நினைத்து முட்டும்.

ஆனால் அதற்கு அட்டவணையைக் கச்சா லாடெக்கில் எழுத வேண்டும், ஈபப்பில் அது காணாமல் போகும். இரண்டு தடவை எழுதிப் பராமரிக்கிற பொறுமை உண்டா? எனக்குக் கிடையாது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் பதின்ம நெடுவரிசையையே தூக்கிவிடுவேன். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று என்பதுதான் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது. 0.0625 யாருக்கு?

போகிற போக்கில், லட்சம் கோடி எழுதுகிறவர்களுக்காக: எஸ்ஐயூனிட்எக்ஸ் இயல்பாக மூன்று மூன்று இலக்கமாகப் பிரிக்கும். மூன்றாம் பதிப்பில் முதல் கூட்டத்தின் அளவையும் மற்றக் கூட்டங்களின் அளவையும் தனித்தனியே சொல்லலாம். மற்றக் கூட்டத்தை 2 ஆக்கிப் பிரிப்பானைக் காற்புள்ளி ஆக்கினால் 12,34,567 என்று நம் வழக்கப்படி வரும். நான்கு இலக்க எண்ணை அது பிரிக்காது, 1234 என்றே விடும். குறைந்தபட்ச இலக்கத்தை 4 என்று மாற்றினால் 1,234 ஆகும்.

குறிகள். தமிழ்ப் பின்னக் குறிகள் யூனிகோடில் 12.0 பதிப்பில்தான், 2019-இல், 'தமிழ்த் துணை' என்று தனித் தொகுதியாகச் சேர்ந்தன. அதனால் பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அவை இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்று தனி எழுத்துரு இருக்கிறது, இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஸீலாடெக்கை விட்டு அதே குடும்பத்து லுவாலாடெக்குக்கு மாறி, மெயின்ஃபான்ட்ஃபால்பேக் என்ற அமைப்பில் அந்தப் பெயரைக் கொடுத்தால் முதன்மை எழுத்துருவில் இல்லாத குறியை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். லாடெக் நிரல்கள் சேர்ந்து வரும் டெக் லைவ் தொகுப்பின் 2020 பதிப்பிலிருந்து லுவாலாடெக்குக்குள் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவாக்கி இருக்கிறது. அதற்கு முந்தையது கையில் இருந்தால் முதலில் புதுப்பியுங்கள், இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிற்கும். எழுத்துருவை அழைக்கும்போது வடிவாக்கி ஹார்ஃப்பஸ், எழுத்துமுறை தமிழ் என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

பனங்கூடல் · புதன், இரவு 11:25

வரி மடங்காததுக்கு நான். பாண்டாக்கிலை குத்துக்கோட்டு அட்டவணைக்கு ஒரு விசித்திரமான சட்டம் இருக்கு. மூலக் கோப்பிலை ஏதாவது ஒரு வரி 72 இடத்தைத் தாண்டினால்தான் அது நெடுவரிசைக்கு அகலம் ஒதுக்கி வரியை மடக்கும். தாண்டாட்டி ஒவ்வொரு கட்டமும் ஒரே வரிதான், தாள் முடிஞ்சாலும் நிக்காது. தாண்டினால் அகலத்தை எப்பிடிப் பிரிக்கும் தெரியுமோ? தலைப்புக்குக் கீழை போடுற சிறு கோடுகளின்ரை எண்ணிக்கையாலை! பத்துக் கோடும் முப்பது கோடும் போட்டால் ஒண்டுக்கு மூண்டு. ஆகவே

```
|:----------|:------------------------------|
```

இப்பிடிப் போட்டுப் பாருங்கோ. 72 எண்ட எல்லையைக் காலம்ஸ் எண்ட கட்டளைத் தெரிவாலை கூட்டலாம் குறைக்கலாம்.

இன்னொண்டு. ஒடுக்கமான நெடுவரிசையிலை முதல் சொல்லு உடையாமல் வெளியிலை நீட்டிக்கொண்டு நிண்டால் உங்களிலை பிழையில்லை. டெக் ஒரு பத்தியின்ரை முதல் சொல்லை உடைக்காது, அட்டவணைக் கட்டம் ஒவ்வொண்டும் அதுக்கு ஒரு பத்தி. லுவாலாடெக்கிலை அந்தக் கட்டுப்பாடு இல்லை. 'கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள்' மாதிரி ரயில்பெட்டிச் சொல்லுகள் எங்களிட்டை இருக்குறபடியால் மாறுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மரப்பெட்டி · வியாழன், காலை 5:35

வரி முடிவில் சொல்லை உடைப்பதில் ஒன்று. எங்கள் அச்சகத்தில் தமிழுக்கு இணைப்புக் கோடு போட மாட்டோம்; சொல் எங்கே முடிகிறதோ முடியட்டும், அடுத்த வரியில் தொடரும். மெய்யெழுத்தில் அடுத்த வரி தொடங்கக் கூடாது என்பது மட்டும் சட்டம். ஒடுக்கமான கட்டத்துக்குள் இணைப்புக் கோடும் வந்தால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி மாதிரி பிள்ளைகள் படிக்கும். அதற்கு வழி உண்டா?

அட்டவணைக்குள் இரண்டு ஓரமும் நேராக நிரப்பாதே. இடது ஓரம் நேர், வலது ஓரம் விட்டபடி. ஒடுக்கமான பத்தியை இரு பக்கமும் இழுத்தால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஆற்று மணல் மாதிரி வெள்ளை ஓடும்.

அச்சுமை · வியாழன், காலை 9:00

ஐயா, உண்டு. எழுத்துருவை அழைக்கும்போதே உடைப்புக் குறியை அகலமில்லாத எழுத்தாக மாற்றிவிடலாம். உடையும், கோடு தெரியாது.

வலது ஓரம் விடுவதற்கு ரேக்கட்ரைட் போட்டால் லாடெக் சொல்லை உடைப்பதையே கிட்டத்தட்ட நிறுத்திவிடும். ரேக்கட்2இ தொகுப்பில் பெரிய எழுத்தில் தொடங்குகிற ரேக்கட்ரைட் உண்டு, அது உடைக்கவும் செய்யும், ஓரத்தையும் விடும். வாய்க்கால், பயிற்சி அட்டவணைகளைக் கையால் எழுதும்போது சாதாரண ரேக்கட்ரைட் போட்டால் பின்னாலேயே அரேபேக்ஸ்லாஷ் போடுங்கள். இல்லாவிட்டால் வரி முடிக்கும் இரட்டைச் சாய்கோட்டின் பொருள் மாறி, 'மிஸ்பிளேஸ்டு நோஅலைன்' என்று சம்பந்தமே இல்லாத இடத்தைக் கைகாட்டும். இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் முழுசாகத் தொலைத்திருக்கிறேன்.

வாய்க்கால் · வெள்ளி, மாலை 6:15

லுவாலாடெக்குக்கு மாறிவிட்டேன். குறிகள் வந்துவிட்டன! மாகாணிக் குறியைத் தாளில் பார்த்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், அம்மா "இதுக்கா மூணு ராத்திரி?" என்றார்.

பதின்ம நெடுவரிசையை எடுத்துவிட்டேன்.

இப்போது வேறு மாதிரி இடி. அச்சகத்தில் பிடிஎஃப் வேண்டாமாம். "வேர்டு ஃபைல் கொடுங்க, நாங்க இன்டிசைன்ல போட்டுக்கிறோம், எங்க ஃபான்டுக்கு மாத்திக்கிறோம்" என்கிறார்கள். அவர்கள் ஃபான்ட் பழைய குறியாக்கம். ஒரு பக்கம் மாற்றிக் காட்டினார்கள். ஆங்கில எழுத்தெல்லாம் தமிழாகிவிட்டது, பின்னத்தின் சாய்கோடு வேறென்னவோ ஆகிவிட்டது.

மரப்பெட்டி · வெள்ளி, இரவு 7:40

வேண்டாம் தம்பி. பழைய ஃபான்டில் ஆங்கில எழுத்தின் இடத்திலும் குறிகளின் இடத்திலும் தமிழ் எழுத்தை உட்காரவைத்திருக்கும். அட்டவணை முழுக்க எண்ணும் குறியும். மாற்றியில் போட்டால் எது எங்கே மாறியது என்று நீ 14 அட்டவணையையும் எழுத்தெண்ணிப் பார்க்க வேண்டும். பின்னக் குறிக்கு அந்த ஃபான்டில் இடமே இருக்காது. 'ஃபான்ட் பொதிந்த பிடிஎஃப், தாள் அளவும் வெட்டு ஓரமும் நீங்கள் சொன்னபடி' என்று கேட்டுப் பார். பிளேட் போடுகிறவனுக்கு அது போதும். பக்கம் அமைக்கும் கூலி போகிறதே என்றுதான் வேர்டு கேட்பார்கள்.

மறுத்தால், யூனிகோடிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி, கட்டத்துக்குக் கட்டம் டேப் போட்டு வெறும் எழுத்துக் கோப்பாகக் கொடு. இன்டிசைனில் அதை அட்டவணையாக மாற்ற ஒரு தெரிவு உண்டு, இரண்டு நொடி வேலை. வேர்டில் கட்டம் போட்டுக் கொடுத்தால் வேர்டின் அழுக்கெல்லாம் சேர்ந்து வரும்.

காலி_டப்பா · வெள்ளி, இரவு 8:30

வேர்டே வேண்டும் என்று அடம்பிடித்தால் பாண்டாக்கிலிருந்து டாக்எக்ஸும் எடுக்கலாம். ரெஃபரன்ஸ்-டாக் என்று ஒரு மாதிரிக் கோப்பைக் காட்ட வேண்டும். அதில் 'டேபிள்' என்ற பெயரில் இருக்கும் பாணியைத் திறந்து மேல், கீழ், தலைப்பு மூன்று கோட்டையும் ஒரு தடவை போட்டு வைத்தால் 14 அட்டவணைக்கும் அதுவே வரும். ஒவ்வொன்றாக வேர்டில் திருத்தாதீர்கள். அடுத்த முறை ஏற்றுமதி பண்ணும்போது எல்லாம் போய்விடும்.

வாய்க்கால் · ஞாயிறு, மாலை 4:10

பிடிஎஃபுக்கே ஒப்புக்கொண்டார்கள், மரப்பெட்டி ஐயா சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன்.

முதல் அட்டவணையை அச்சுமை சொன்ன 'அளவைத் தலைப்பில் போடு' என்கிற வழியில் மாற்றி எழுதிப் பார்த்தேன். முன்பு ஒவ்வொரு கட்டத்திலும் '2 ஆழாக்கு', '1 உழக்கு' என்று வாக்கியம் மாதிரி இருந்தது. இப்போது:

```
| அளவை | முந்தைய அளவையில் | படியில் |
|:--|--:|--:|
| ஆழாக்கு | | 1/8 |
| உழக்கு | 2 | 1/4 |
| உரி | 2 | 1/2 |
| படி | 2 | 1 |
| மரக்கால் | 8 | 8 |
| பதக்கு | 2 | 16 |
| தூணி | 2 | 36 |
| கலம் | 3 | 96 |

: முகத்தலளவை
```

'டேபிள் 1' என்று வந்ததை டேபிள்நேமை மாற்றி 'அட்டவணை 1' ஆக்கிவிட்டேன். படிக்கும் மரக்காலுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டால் சின்ன அளவை, பெரிய அளவை என்று பிரிந்து தெரியும். குத்துக்கோட்டு அட்டவணையில் அதற்கு வழி உண்டா? கோடு வேண்டாம், இடம் மட்டும்.

அச்சுமை · ஞாயிறு, மாலை 5:30

கோடு வேண்டாம், இடம் மட்டும் என்கிறீர்கள். திங்கட்கிழமை கோட்டைக் காணோம் என்று வந்தவர் நீங்கள்தானா?

உண்டு. மரக்கால் என்ற கட்டத்தில், சொல்லுக்கு முன்னால், அட்லைன்ஸ்பேஸ் கட்டளையைக் கச்சா லாடெக் துண்டாகச் செருகுங்கள். வரியின் முதல் கட்டத்தில், முதல் பொருளாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு தடித்த எழுத்துக் குறி இருந்தாலும் முட்டும். ஈபப் எடுக்கும்போது பாண்டாக் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

பனங்கூடல் · ஞாயிறு, இரவு 7:05

வடிவா இருக்கு அண்ணை. எங்கட பக்கத்து அளவையான கொத்தையும் ஒரு அடிக்குறிப்பிலை சேருங்கோவன்.

மரப்பெட்டி · திங்கள், காலை 5:40

அட்டவணை நன்றாக இருக்கிறது. ஆனால் தூணிக்கு 36 படி என்று போட்டிருக்கிறாய். பதக்கு 16, இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி கலம், கலம் 96. பழைய மாதிரி எழுதியிருந்தபோது இந்த எண்ணே இல்லை, பிழையும் இல்லை. இப்போது எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதால் மேலிருந்து இரட்டித்துக்கொண்டே வந்தேன், அங்கே இடறியது.

மற்ற 13-ஐயும் இங்கே போடு. மாலைக்குள் பார்த்துவிடுகிறேன்.

வாய்க்கால் · திங்கள், காலை 6:02

ஐயோ. 32. திருத்திவிட்டேன். மற்றவற்றை இதோ ஏற்றுகிறேன் ஐயா, பயிற்சி நான்கும் கட்டத்தோடு இருக்கும்.